அக்கா மாற்ற மறுத்த ஒரு சொல்

எங்கள் அக்காவின் முதலாண்டு நினைவு நாளில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உற்றார் உறவினர் அனைவருக்கும் தங்கையின் வணக்கம். அக்காவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி பெரியவர்கள் கேட்டார்கள். எழுதுகிறேன். எல்லாம் இனிப்பாக இருக்குமென்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

கோலா சாவாவை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்தில், பால்மரம் வெட்டும் பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தவர் அக்கா. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, சிரம்பானில் இடைநிலைப்பள்ளி முடித்து, எழுபதுகளின் தொடக்கத்தில் கோலாலம்பூரில் பல்கலைக்கழகம் புகுந்தார். டாக்டருக்குப் படிக்காமல் சரித்திரம் படிக்கிறாளே என்று அப்போதே சிலர் உதட்டைப் பிதுக்கினார்கள். பிறகு சென்னைக்குப் போய்க் கல்வெட்டு வாசிக்கக் கற்றார். சோழர் காலத்து ஊர்களில் பாடுபட்டவர்களைப் பற்றி ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பினார்.

அந்த ஆராய்ச்சியில்தான் 'வெட்டி' என்ற சொல் அவரைப் பிடித்துக்கொண்டது. கூலி கொடுக்காமல் கட்டாயமாக வாங்கும் வேலைக்குக் கல்வெட்டில் அதுதான் பெயர். அக்காவுக்கு அகராதி தேவைப்படவில்லை. எங்கள் சிறுவயதில் ஞாயிற்றுக்கிழமையானால் தோட்டத்து வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் வந்து கதவைத் தட்டுவார். துரை பங்களாவில் புல் வெட்டப் போக வேண்டும், காசு கிடையாது. அம்மா அரிவாளை எடுத்துக்கொண்டு, "வெட்டிக்குப் போயிட்டு வந்துர்றேன், தங்கச்சிய பாத்துக்க" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுக் கிளம்புவார். அதே சொல்லைப் பழைய கல்லில் கண்ட அன்று அழுதுவிட்டதாக அக்கா என்னிடம் சொல்லியிருக்கிறார்.

எண்பதுகளில் அக்கா தற்காலிக விரிவுரையாளர். ஆய்வு புத்தகமாக வெளிவந்தால்தான் வேலை நிரந்தரம் என்றார்கள். சிரம்பானில் ஒரு சங்கம் அச்சிட முன்வந்தது. சங்கத் தலைவர் பெடாஸில் இருந்த எங்கள் வீட்டுக்கே வந்தார்.

"எல்லாம் நல்லாருக்கு லா, டீச்சர். அந்த வெட்டிங்கிற வார்த்தைய மட்டும் எடுத்துடுங்க. நம்ம சோழ ராஜாக்களோட மானம் போயிடும். தொண்டுன்னு போடுங்க, முடிஞ்சுது."

"கூப்பிட்டா போயே ஆகணும், கூலியும் கிடையாது. அது எப்படிங்க ஐயா தொண்டாகும்? எங்கம்மா துரை பங்களாவுல புல்லு வெட்டினாங்களே, அதுவும் தொண்டா?"

தலைவர் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். புத்தகமும் அவரோடு போயிற்று.

அதற்குப் பிறகு நம் சொந்தக்காரர்கள் பேசிய பேச்சு இருக்கிறதே! "ஒரு வார்த்தைதான, மாத்தினா கையா ஒடிஞ்சிரும்?" என்று கேட்டார்கள். 'வெட்டி ஆராய்ச்சி' என்று கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து சிரித்தார்கள். அவர்களும் இதை வாசிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அக்காவுக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் நிரந்தரமாகிப் பதவி உயர்வும் பெற்றார்கள். அக்கா மட்டும் ஒவ்வோர் ஆண்டும் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்களா என்று காத்திருந்தார். அப்படியிருந்தும் வகுப்பில் ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை என்று மாணவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அந்தப் பொறுமை வராது.

சிறுநீரகக் கோளாறால் படுத்த பிறகும் அவருக்கு அச்சேறாத அந்தப் புத்தகத்தைப் பற்றிய கவலைதான். "கெடந்தா கெடக்கட்டும்மா. மாத்தி மட்டும் போட விட்டுறாதே" என்றார். அதுதான் என்னிடம் அவர் கேட்டுக்கொண்ட கடைசிக் காரியம்.

இறுதிச் சடங்குக்குத் தலைவர் பெரிய மாலையோடு வந்தார். தமிழுக்குத் தொண்டு செய்த உத்தமி என்று பேசினார். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சில மாதங்கள் கழித்து மறுபடியும் வந்தார்.

"இப்ப அச்சடிச்சிரலாம்மா. அந்த வார்த்தைய நாங்களே மாத்திக்கிறோம். அக்காதான் இல்லையே, யாரு கேக்கப் போறா?"

"நான் இருக்கேன் லா" என்று வாசலைக் காட்டினேன். இந்த முறை தேநீரும் கொடுக்கவில்லை.

அக்காவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட மருத்துவமனைத் தாதியருக்கும், காரியங்களில் கூடமாட நின்ற பெடாஸ் அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காவின் எழுத்தைத் தட்டச்சு செய்து பிழை திருத்தித் தந்த அவருடைய மாணவர்களுக்கு என்ன சொல்லி நன்றி கூறுவதென்று தெரியவில்லை. அவர்களால்தான் இம்மலரோடு அக்காவின் புத்தகமும் இன்று உங்கள் கைக்கு வருகிறது. ஒரு சொல்லும் மாறவில்லை. பந்தியில் சிரித்தவர்கள் உள்ளே புரட்டிச் சிரமப்பட வேண்டாம். 'வெட்டி' என்று அட்டையிலேயே பெரிய எழுத்தில் போட்டிருக்கிறோம், கண்ணாடி இல்லாமலேயே படிக்கலாம்.