ட்ரோன் பற்றரியின் மூன்றாவது செல்

விஜயதசமிக்கு முதல்நாள் புத்தூர் வீட்டுக்கு வந்து பார்த்தால் என் மேசை வெறுமை. லப்டொப், மல்ரிமீற்றர், சோல்டரிங் அயன், கணினியோடு இணைக்கிற யூ.எஸ்.பி. அடப்டர், ட்ரோன் பற்றரியைக் கண்காணிக்கிற அந்தத் தீப்பெட்டி அளவுப் பலகை, அத்தனையும் சரஸ்வதிக்கு முன்னால், கும்பத்துக்குப் பக்கத்தில்.

"விடியப் பூசை முடிய எடு, பிள்ளை," என்றார் அம்மா.

பூசையில் வைத்ததைத் தொடக்கூடாது. எனக்கோ கை துறுதுறுத்தது. வெங்காயத்துக்கு மருந்தடிக்கிற தாங்கியை முதுகில் சுமந்து சுமந்தே அம்மாவின் தோள் பழுதாகிவிட்டது. இந்தமுறை ட்ரோன்தான் அடிக்கும் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். கையில் இருந்ததோ ஒரேயொரு பற்றரி.

காலையில் தீபம் காட்டி முடிந்ததும் பாய்ந்து எடுத்தேன். பலகைக்கு மென்பொருளை ஏற்றி, ஆறு செல் என்று பதிந்து, பற்றரியின் கம்பிகளைக் கொழுவினேன். திரையில் ஐந்து செல்கள் பச்சை. மூன்றாவது சிவப்பு! எனக்கு உயிரே போய்விட்டது. ஒரு செல் செத்தால் முழுப் பற்றரியும் குப்பை. மல்ரிமீற்றரை வைத்தால் அதே செல் நல்ல சுகம் என்கிறது. மென்பொருளைத் திட்டினேன், திரும்ப ஏற்றினேன், கம்பிகளைக் கழற்றிக் கொழுவினேன். அது மசியவில்லை.

பிறகுதான் பலகையைத் திருப்பிப் பார்த்தேன். மூன்றாவது ஊசிக்கும் நாலாவதுக்கும் நடுவில், பன்னீரில் குழைத்த ஈரச் சந்தனப் பொட்டு. மின்சாரம் அதன் வழியாகக் கசிந்துகொண்டிருந்தது.

"விடியத்தான் வைச்சனான். எல்லாத்துக்கும் வைச்சுப்போட்டு உந்தப் பலகையை மட்டும் விடலாமே?" என்றார் அம்மா.

சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது. பற்றரியைக் கழற்றிவிட்டு, பழைய பல்துலக்கும் பிரஷை ஸ்பிரிட்டில் தோய்த்துத் தேய்த்தேன்.

"சாமீன்ரை சந்தனத்தைச் சாராயத்தாலையோ கழுவுறாய்?" அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சரஸ்வதிக்குத் தெரியாத எலெக்ரோனிக்ஸே, அம்மா? அவ கோவிக்கமாட்டா."

காய்ந்ததும் கொழுவினேன். ஆறும் பச்சை! முற்றத்தில் ட்ரோன் எழும்பியது. கோழிகள் சிதறி ஓடின. நான் குதித்த குதியில் ஒரு செருப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. அம்மா மட்டும் அசையாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். கை தானாகத் தோளைத் தடவியது.

"அப்ப மருந்தடிக்கேக்கை நான் வரம்பிலை சும்மா நிண்டு பாத்தாச் சரி, என்ன?"