பத்து நாள் சென்னைக்காரன்

சனிக்கிழமை காலை எட்டு மணி, லண்டன் செவன் கிங்ஸ். விமான நிலையத்துக்குப் புறப்படும் முன் தெருமுனைத் தமிழ்க் கடைக் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டினேன். அதற்கு வாரம் மூன்று பவுண்டு வாங்குகிறார்கள். ‘மேல்மாடியில் ஒற்றை அறை. மாதம் அறுநூற்றைம்பது பவுண்டு, பில் உட்பட. எங்கட யாழ்ப்பாண ஆக்களுக்கு மட்டும்.’ கீழே என் தொலைபேசி எண். அந்தக் கண்ணாடியில் பாதித் தாள்கள் இப்படித்தான் இருக்கும்.

அந்த அறையை வாடகைக்கு விட்டு, அந்தப் பணத்தில் சென்னையில் ஒரு வீடு எடுப்பது எங்கள் திட்டம். என் மனைவி வசந்திக்கு ஆஸ்துமா. நவம்பர் தொடங்கினால் மார்ச் வரை அவளுக்கு லண்டன் ஒத்துவராது. போன குளிர்காலத்தில் எங்கள் வாசலுக்கு இரண்டு தடவை அம்புலன்ஸ் வந்தது. வீடு வீடாகப் போய் பொயிலர் திருத்துவது என் தொழில். என் வீட்டை நான் எவ்வளவு சூடாக்கினாலும், பால் வாங்க வெளியே போனால் அவளுக்கு மூச்சு அடைக்கிறது. வெயில் உள்ள இடத்துக்குப் போகச் சொன்னார் டாக்டர். நான் பிறந்த பருத்தித்துறையில் எங்களுக்கு இப்போது வீடும் இல்லை, ஆளும் இல்லை. பாஷை விளங்க வேண்டும், நல்ல ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்க வேண்டும். சென்னையைத் தவிர வேறு ஊர் எங்களுக்குத் தோன்றவில்லை. நான் முன்னே போய்ப் பத்து நாளில் வீடு பிடிப்பது, குளிருக்கு முன் அவளைக் கூட்டிப் போவது.

“பார்த்துப் போங்கோ. கண்டவனோடயும் கொழுவாதேங்கோ,” என்றாள் வசந்தி. நான் சண்டைக்காரன் என்று தெரிந்துதான் சொன்னாள்.

ஞாயிறு அதிகாலை சென்னையில் இறங்கினேன். பத்தரை மணி நேரப் பறப்பு. விமான நிலைய வாசலில் மந்தைவெளிக்கு ஆட்டோக்காரர் எழுநூறு கேட்டார். நானூற்றைம்பதுக்கு இறங்கினார்.

“கேரளாவா சார்?” என்றார் கிண்டி தாண்டியதும்.

“இல்லை, தமிழ்தான்.”

“அப்படியா? பேசினா மலையாளம் மாதிரியே இருக்கு சார்.”

தமிழ் பேசினதற்கு முதல் நாளே எனக்குக் கிடைத்த மரியாதை இது.

‘உள்ளூர்வாசியைப் போல வாழுங்கள்’ என்று விளம்பரம் செய்த ஓர் இணையத்தளத்தில்தான் அறை பதிவு செய்திருந்தேன். நாளுக்கு ஆயிரத்து எண்ணூறு ரூபாய். சுவரில் மாட்டு வண்டிப் படமும் ஆட்டோப் படமும் இருந்தன. குளியலறையில் வாளி இல்லை. சென்னையில் வாளி இல்லாமல் எந்த உள்ளூர்வாசி குளிக்கிறான்? எதிர்க்கடையில் இருநூற்று இருபது ரூபாய்க்கு நானே ஒன்று வாங்கினேன்.

அடுத்த மூன்று நாளில் உள்ளூர்வாசி ஆகிவிட்டேன் என்றே நினைத்தேன். ஐந்தரைக்கு எழும்பிப் பால் பாக்கெட் வாங்கினேன். தண்ணீர் லாரி வரும் நாள் எது என்று தெரிந்துகொண்டேன். மந்தைவெளியிலிருந்து வேளச்சேரிக்குப் பறக்கும் ரயிலில் ஐந்து ரூபாய். லண்டனில் ஐந்து பென்சுக்குக் கதவுகூடத் திறக்காது. மீன் கடையில் ஒரு பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “வஞ்சிரம் கிலோ தொள்ளாயிரம், உனக்கு எண்ணூத்தம்பது, எடுத்துக்க அண்ணே,” என்றாள். நான் வாங்கிய பிறகு பக்கத்து ஆளுக்கு எண்ணூறுக்குக் கொடுத்தாள். கேட்டதற்கு, “அவரு டெய்லி வராரு, நீ டெய்லி வா,” என்றாள். நியாயமான பேச்சு. எனக்கு அந்த ஊர் பிடித்துப் போனது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்யன்.

செவ்வாய்க்கிழமை தரகர் மூர்த்தியைப் பிடித்தேன். ஸ்கூட்டர் வைத்திருக்கிற, எந்நேரமும் தொலைபேசியில் இருக்கிற மனிதர். ஒரு மாத வாடகை அவருக்குக் கமிஷன். இரண்டு நாளில் ஏழு வீடு காட்டினார். மூன்று வீட்டில் மீன் சமைக்கக் கூடாது. இரண்டில் லிப்ட் இல்லை, வசந்தியால் படி ஏற முடியாது. மற்ற இரண்டிலும் நான் வாய் திறந்ததும், “சிலோனா?” என்று கேட்டார்கள். பிறகு, வீட்டை மகனுக்கு வைத்திருப்பது திடீரென்று அவர்களுக்கு ஞாபகம் வந்தது.

“சார், இனிமே நீங்க பேசாதீங்க, நான் பேசிக்கறேன்,” என்றார் மூர்த்தி. “லண்டன்னு மட்டும் சொல்லுவோம். லண்டன்னா வாசக்கதவையே கழட்டிக் குடுப்பாங்க.”

“நான் ஏன் மறைக்கவேணும்? களவெடுத்தனானே?”

“வீடு வேணுமா, ஞாயம் வேணுமா சார்?”

வீடுதான் வேணும். வாயை மூடிக்கொண்டேன்.

வெள்ளி மாலை நாலு மணிக்கு, மந்தைவெளியிலேயே எட்டாவது வீடு. இரண்டாம் மாடி, லிப்ட் இருந்தது. வாடகை முப்பத்திரண்டாயிரம். கீழ்த்தளத்தில் குடியிருந்த வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பொறியியலாளர். ராஜகோபால் என்று பெயர். எழுபது வயதிருக்கும். “உக்காருங்க, காபி சாப்பிடுங்க,” என்று அவரே கொண்டுவந்து தந்தார். மீன் சமைப்பதைப் பற்றி மூர்த்தி கேட்டார். “தாராளமா, நாங்களே சாப்பிடுவோம்,” என்றார் அவர்.

வீட்டுக்காரரோடு மேலே போய், வசந்தியை வீடியோவில் கூப்பிட்டேன். லண்டனில் அப்போது காலை பதினொன்றரை. அவள் கழுத்தில் கம்பளிச் சால்வை. வீட்டுக்காரரைக் காட்டினேன், சமையலறையைக் காட்டினேன். கிழக்குப் பக்க ஜன்னலைக் காட்டினேன். வெளியே வேப்பமரம், அதற்கு மேல் வெயில்.

“இஞ்சாருங்கோ, அந்த ஜன்னலடியில ஒரு கதிரை போடலாம். நான் அதில இருந்து காய் வெட்டுவன்.”

“ஓம், போடலாம்.”

“நல்ல மனுசர்போல இருக்கிறார். பிடிச்சுப் போடுங்கோ, விடாதேங்கோ.”

எங்கள் பேச்சை லண்டன் பேச்சென்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ, ராஜகோபாலும் அவளைப் பார்த்துக் கும்பிட்டார். “வாங்கம்மா, இங்க வந்தா இருமலே நின்னுடும்,” என்றார்.

பிறகு கீழே தன் வீட்டுக்குக் கூட்டிவந்து பாஸ்போர்ட்டைக் கேட்டார். வாடகைக்கு இருப்பவர் விவரத்தைப் போலீஸ் நிலையத்தில் கொடுக்க வேண்டுமாம். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். பிறந்த இடம் என்ற வரியில் அவருடைய விரல் நின்றது.

“பருத்தித்துறையா? அது யாழ்ப்பாணம் பக்கம் இல்ல?”

“ஓம்.”

மூர்த்தி கூரையைப் பார்த்தார்.

“நான் தப்பா சொல்லல சார். உங்களப் பாத்தா நல்லவரா இருக்கீங்க. ஆனா எங்க அண்ணன் வீட்ல முன்னாடி உங்க ஊர்க்காரங்க இருந்தாங்க. வாரத்துக்கு ரெண்டு தடவ போலீஸ் வந்து விசாரிச்சுது. இந்த வயசுல எனக்கு அது முடியாது. வேணாம்.”

“அது முப்பது வருசத்துக்கு முந்தின கதை. நான் ஜெர்மனியில பன்னிரண்டு வருசம், லண்டனில இருபது வருசம் இருந்திட்டன். ஒரு பொலிஸ்காரன் என்ர வாசலுக்கு வரேல்லை. உங்களுக்கு என்ர காசு நல்லம், என்ர ஊர் கூடாதோ?”

“கோவப்படாதீங்க சார்.”

“தமிழன் தமிழன் எண்டு மேடையில கத்துறியள். ஒரு அறை தரமாட்டியள். வெக்கமில்லையோ?”

அவர் பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் திருப்பித் தந்தார். நான் மிச்சக் காபி இருந்த தம்ளரை மேசையில் அடித்து வைத்துவிட்டு வெளியே வந்தேன். மேசைவிரிப்பில் காபி சிந்தியது. அதற்கு இன்றும் நான் வருந்தவில்லை.

வாசலில் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே மூர்த்தி கேட்டார், “ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க சார். லண்டன்ல நீங்கள்லாம் கேட்டவங்களுக்கெல்லாம் வீடு குடுத்துடுவீங்களா?”

“அங்க சட்டம் இருக்கு,” என்றேன்.

“சட்டம் இங்கயும் இருக்கு சார்,” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

அன்றிரவே நடந்ததை வசந்திக்குத் தொலைபேசியில் சொன்னேன். மிச்ச நாளில் இன்னும் ஐந்து வீடு பார்த்தேன். ஒன்றும் சரிவரவில்லை. பத்தாம் நாள் செவ்வாய், வாளியை அறையிலேயே விட்டுவிட்டுப் புறப்பட்டேன்.

செவன் கிங்ஸ் ரயில் நிலையத்தில் இறங்கும்போது ஆறு பாகைக் குளிர். தூறல். வசந்தி கதவைத் திறந்து, பெட்டியைத் தூக்கப் போய் இருமினாள். பெட்டியைப் பிடுங்கி நானே உள்ளே வைத்தேன். அந்த ஜன்னலைப் பற்றி அவள் கேட்கவில்லை. தேநீர் போட்டுத் தந்தாள்.

அரை மணி நேரத்தில் தொலைபேசி அடித்தது. ஒரு பெண் குரல்.

“வணக்கம் அங்கிள், கடையில நோட்டீஸ் பாத்தேன். ரூம் இருக்கா? நான் நர்ஸ், பக்கத்துல ஆஸ்பத்திரியிலதான் வேலை. ஷிப்ட் முடிஞ்சு நான் இருக்கற எட்மண்டன் போய்ச் சேர ரெண்டு பஸ் மாற வேண்டியிருக்கு.”

“எந்த ஊர் பிள்ளை?”

“கும்பகோணம் அங்கிள். நோட்டீஸ்ல யாழ்ப்பாணம்னு போட்டிருந்துச்சு. அதான் கேட்டுப் பாக்கலாம்னு...”

“ஆள் வந்திட்டுது,” என்றேன்.

“சரி அங்கிள். தேங்க்ஸ்.” வைத்துவிட்டாள்.

வசந்தி அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்தாள். “ஆர் வந்தது?”

நான் தேநீரை எடுத்துக் குடித்தேன்.

“மந்தைவெளி மனுசன் குறைஞ்சது முகத்துக்கு நேர சொன்னவர். காப்பியும் தந்தவர்.”

“அவங்கள் எங்களுக்குச் செய்ததுக்கு...”

“அந்தப் பிள்ளையோ செய்தது?”

இதெல்லாம் நடந்து ஒன்பது நாள் ஆகிறது. சென்னையைப் பற்றி யார் கேட்டாலும் முகத்தில் அடித்தாற்போலச் சொல்கிறேன்: சாப்பாடு நல்லது, ரயில் மலிவு, வீடு தரமாட்டார்கள். லண்டனைப் பற்றி ஒருவரும் என்னிடம் கேட்பதில்லை. மேல்மாடி அறை காலியாகத்தான் கிடக்கிறது. அங்கே ஹீட்டரை நிறுத்திவிட்டேன். அந்தப் பெண்ணின் எண் என் தொலைபேசியில் இருக்கிறது. கடைத்தாளுக்கு இன்னொரு வாரத்துக்கு மூன்று பவுண்டு கொடுத்துவிட்டு வந்தேன். அதில் ஒரு வரியைக்கூட நான் வெட்டவில்லை.

நேற்றுக் காலை வசந்தி அடுப்படி ஜன்னலடியில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, சால்வையோடு அதில் உட்கார்ந்து காய் வெட்டினாள். வெளியே இருட்டாக இருந்தது. இருமல் வந்தபோது கத்தியைக் கீழே வைத்தாள்.