நான் ஒரு ஆளுக்கு வச்ச பேரு

1. முத நாள் ரூல்

நான் படிச்சது நாலாப்பு. அதுலயும் மூணாப்பு ரெண்டு தடவ. எனக்குத் தெரிஞ்ச சோலி ரெண்டு: ஜீப் ஓட்டுறது, வாயடிக்கிறது. மொதச் சோலிக்கு மட்டும்தான் லைசென்ஸ் இருக்கு.

புரபேசன் ஆபீசுல கான்ட்ராக்ட் டிரைவரா இருந்தேன். அப்படி ஒரு ஆபீஸ் இருக்கிறதே பல பேருக்குத் தெரியாது. மொத மொத தப்புப் பண்ணி கோர்ட்டுக்கு வர்றவன் ஏன் பண்ணான்னு வீடு தேடிப் போயி விசாரிச்சு, ஜட்ஜுக்கு ரிப்போர்ட் எழுதுவாங்க. ஜட்ஜு மனசு வச்சா, ஒழுங்கா இருக்கேன்னு எழுதி வாங்கிக்கிட்டு ஜெயிலுக்கு அனுப்பாம விட்டுருவாரு. அப்புறம் ஆபீசர் மாசாமாசம் போயி ஆளப் பாத்துட்டு வரணும். எங்க ஆபீசர் ஒரு மேடம். மக வயசு.

முத நாள் மலை ஏறுறப்பவே சொல்லிட்டாங்க. "மாயாண்டியண்ணே, வண்டிய ஊருக்குள்ள கொண்டு போகாதீங்க. வெளியவே நிறுத்திருங்க, நான் நடந்து போயிக்கிறேன்."

"சரி மேடம். யாரப் பாக்க வந்தீங்கன்னு எவனாவது கேட்டா?"

"சும்மா இருங்க."

வண்டிய வெளிய நிறுத்துறது ஈசி. சும்மா இருக்கிறதுக்கு எனக்கு ட்ரெயினிங் இல்ல.

2. ஒரு சாக்கு வெதப்பூண்டு

கொடைக்கானல் மேல்மலையில ஒரு ஊரு. பேரு வேணாம். அங்க சின்னராசுன்னு ஒருத்தன், முப்பது வயசு இருக்கும், பொண்டாட்டி, ஒரு பொம்பளப் பிள்ள. அந்த வருசம் விடாத மழையில அவன் பூண்டு பூரா மண்ணுக்குள்ளயே அழுகிப் போச்சு. அடுத்த நடவுக்கு வெத இல்ல. மேல்மலையில வெதப்பூண்ட அடுப்புக்கு மேல பரண்ல புகை படப் போட்டு வச்சிருப்பாங்க. பங்காளி வீட்டுல எல்லாரும் காட்டுக்குப் போன நேரம் பாத்து, பட்டப்பகல்ல ஒரு சாக்கத் தூக்கிட்டான்.

வித்துத் திங்கல. கொண்டு போயி தன் காட்டுல நட்டுட்டான். போலீசு வந்து மொளச்ச பூண்டப் புடுங்கி, கேஸ் சொத்துன்னு சாக்குல கட்டிக் கொண்டு போனாங்க. கேட்டுட்டு நான் விழுந்து விழுந்து சிரிச்சேன்.

விசாரிச்சுட்டு எறங்குறப்ப மேடத்துகிட்ட கேட்டேன். "மனுசன் ஏன் மேடம் திருடுறான்?"

"புஸ்தகத்துல நாலஞ்சு தியரி இருக்குண்ணே. நல்லா வாழணும்னு ஆச எல்லாருக்கும் இருக்கு, நேர் வழி எல்லாருக்கும் தொறந்து கெடக்கிறதில்ல. வழி அடைபட்டவன் குறுக்க போறான், இது ஒண்ணு."

"எனக்குந்தான் ஆச கெடக்கு, வழி அடைச்சுக் கெடக்கு. நான் ஏன் திருடல?"

"உங்களுக்கு முழங்கால் வலி."

நல்லாச் சிரிச்சோம். அப்புறம் சொன்னாங்க. "சேர்க்கைன்னு ஒரு தியரி. கூட இருக்கவன்கிட்ட தொழில் கத்துக்கிற மாதிரி களவையும் கத்துக்கிறான். இன்னொண்ணு, குடும்பம், வேலை, ஊர்ல மதிப்பு, இதெல்லாம் ஒருத்தனப் புடிச்சு வச்சிருக்க கயிறு. அது அறுந்தா கை வச்சுருவான். கடைசியா ஒண்ணு. ஒரு தடவ திருடுனவன ஊரே திருடன் திருடன்னு கூப்பிட்டா, வேற ஆளா இருக்க எடமே இல்லாம அவன் அதாவே ஆயிருவான். அதுக்குத்தான் வண்டிய வெளிய நிறுத்தச் சொல்றேன்."

கொண்டை ஊசி வளைவு வந்துச்சு, ஹாரன் அடிச்சேன். மேடம் சொன்னது காதுல விழுந்துச்சு. மண்டைக்கு ஏறல.

ரிப்போர்ட் நல்லா எழுதுனாங்க. ஜட்ஜு சின்னராச விட்டுட்டாரு. கேஸ் குடுத்த பங்காளியே ஒரு மாசத்துல அவன்கிட்ட பேச ஆரம்பிச்சுட்டாரு.

3. டீக்கடை

அடுத்த தடவ போனப்ப மழையும் மஞ்சும். குளிரு எலும்பக் கடிக்குது. மேடம் எறங்கி நடந்த பின்னாடி, வண்டிய நேரா ஊருக்குள்ள டீக்கடை முன்னால கொண்டு போயி நிறுத்துனேன். முன்னாடி கவர்மென்ட் போர்டு வேற. அந்தக் கடைக்கு லாரிக்காரங்க, கேரட் யாவாரிங்க, லோடு ஏத்துறவங்கன்னு மலை பூரா ஆளு வரும்.

"யாரப் பாக்கண்ணே வந்திருக்கீங்க?" கடைக்காரன் கேட்டான்.

அப்ப என் வாயில ஒரு பேரு வந்துச்சு. பூண்டயும் களவயும் சேத்து ஒரு பேரு. அத இங்க எழுத மாட்டேன். எழுதுனா நீங்களும் அப்படித்தான் கூப்பிடுவீங்க, அம்புட்டு நல்லா வாயில ஒட்டும். கடையே சிரிச்சுச்சு. ஒரு லாரிக்காரனுக்கு டீ மூக்குல ஏறிருச்சு. சிரிப்புக் கேட்டா எனக்கு நிப்பாட்டத் தெரியாது. புடுங்குன பூண்டு கதை பூராத்தையும் நடிச்சே காட்டுனேன்.

ரெண்டு மாசம் கழிச்சு சின்னராசே ஜீப்புகிட்ட வந்தான்.

"அண்ணே, அந்தப் பேரு நீங்க வச்சதாமே?"

"ஏலே, சும்மா தமாசுக்குடா."

"தமாசுதாண்ணே. லாரிக்காரங்க முன்ன மாதிரி லோடு ஏத்தக் கூப்பிட மாட்றாங்க. மூட்டய எண்ணி வச்சுக்கங்கடான்னு சொல்லிச் சிரிக்கிறாங்க."

அவனும் சிரிச்சான், நானும் சிரிச்சேன். அவனுக்கு ஒரு டீ சொன்னேன். அதோட தீந்துச்சுன்னு நெனச்சுக்கிட்டேன்.

4. தண்ணி மோட்டார்

ஓடையில கெடந்த ஒரு தண்ணி மோட்டாரக் காணோம். போலீசு டீக்கடையில வந்து யாரு மேல சந்தேகம்னு கேட்டாங்க. பத்துப் பேரும் ஒரே பேரத்தான் சொன்னாங்க. நான் வச்ச பேர.

சின்னராச ரெண்டு நாள் ஸ்டேசன்ல வச்சு அடிச்சாங்க. மூணாவது நாள் கன்னிவாடியில ஒரு பழைய இரும்புக் கடையில மோட்டார் கெடச்சுச்சு. வித்தவன் வேற ஆளு. சின்னராச வீட்டுக்குப் போடான்னுட்டாங்க. ஊர்ல ஒருத்தரும் அவன்கிட்ட வந்து ஒரு வார்த்த கேக்கல.

வீட்டுக்குப் போனா அங்க ஆளு இல்ல. பிள்ளையப் பள்ளிக்கூடத்துலயும் அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டிருக்காங்க. பொண்டாட்டி பிள்ளையக் கூட்டிக்கிட்டு பாலசமுத்திரத்துல அம்மா வீட்டுக்குப் போயிருச்சு. சின்னராசுகிட்ட அதுக்குப் பெறகு பேசுனது ரெண்டே பேரு. ஸ்டேசன்ல இவனோட அடைஞ்சு கெடந்தவங்க.

மேடம் சொன்ன தியரி பூரா வரிசையா வந்து நின்னுச்சு. வழி போச்சு, கயிறு போச்சு, சேர்க்கை வந்துச்சு.

மூணு பேருமாச் சேந்து கொடைக்கானல்ல பூட்டிக் கெடந்த ஒரு பங்களாவ ஒடைச்சாங்க. வாட்ச்மேன் மறிச்சாரு. கம்பியால அடிச்சது இன்னொருத்தன். வாட்ச்மேனப் பின்னாடி இருந்து புடிச்சுக்கிட்டது சின்னராசு. அந்த மனுசனுக்கு ஒரு கண்ணு போச்சு.

5. ரெண்டாவது ரிப்போர்ட்

கோர்ட்டு மறுபடி ரிப்போர்ட் கேட்டுச்சு. வெள்ளனே கெளம்பி மலை ஏறுனோம். மேடம் பாதி தூரம் பழைய ரிப்போர்ட்டப் பொரட்டிக்கிட்டே வந்தாங்க. அப்புறம் தனக்குத்தானே பேசுற மாதிரி, "நல்லாத்தானே இருந்தான், எங்க தப்பாப் போச்சு?"ன்னாங்க.

"என்கிட்டதான் மேடம்."

எல்லாத்தையும் சொன்னேன். டீக்கடை, போர்டு, நடிப்பு, எல்லாம்.

"என்ன பேரு வச்சீங்க?"

சொன்னேன். அந்தப் பேரக் கேட்டுச் சிரிக்காத மொத ஆளு அவங்கதான். "வண்டிய நிறுத்துங்க"ன்னாங்க. எறங்கி, ரோட்டோரம் மஞ்சுக்குள்ள கொஞ்ச நேரம் நின்னாங்க. திரும்பி வந்து பின் சீட்டுல உக்காந்தாங்க. எப்பவும் முன்னாடிதான் உக்காருவாங்க.

"நான் கோர்ட்டுல வந்து சொல்லட்டா மேடம்?"

"பேரு வச்சதுக்குச் சட்டத்துல செக்சன் இல்லண்ணே. ரிப்போர்ட்ல எழுதுறேன்."

எழுதுனாங்க. எனக்குத் திட்டோ மெமோவோ வரல. வந்திருந்தா கொஞ்சம் தூங்கிருப்பேன். ஜட்ஜு முழுசாப் படிச்சாரு. கண்ணுல கட்டோட நின்ன வாட்ச்மேனயும் பாத்தாரு. சின்னராசுக்கு அஞ்சு வருசம்.

புதுசா இந்தச் சோலிக்கு வர்ற தம்பிகளுக்குச் சொல்றேன். சின்னராசு மேல தப்பில்லன்னு நான் சொல்ல வரல, புடிச்சுக்கிட்டது அவன் கைதான். ஆனா மேடம் சொன்ன தியரி எதுவும் புஸ்தகத்துல மட்டும் கெடக்கிறதில்ல. அதுக்கு ஒரு டிரைவர் வேணும், ஒரு டீக்கடை வேணும், சிரிக்க நாலு பேரு வேணும். ஆபீசர் பாக்கப் போற ஆளு பேர எவனாவது கேட்டா வாய மூடிக்கிட்டு ஸ்டியரிங்கப் புடிங்க. சிரிப்புக் காட்டணும்னா உங்களப் பத்தியே சொல்லிக்கங்க. நான் இப்ப அதத்தான் செய்றேன்.

தீர்ப்பு அன்னைக்கு கோர்ட் வராந்தாவுல போலீசு கையப் புடிச்சு அவனக் கூட்டிட்டு வந்தாங்க. என்னையப் பாத்ததும் நின்னான். ஏசுவான்னு நெனச்சேன்.

"அண்ணே, மேடத்துகிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. பிள்ள பள்ளிக்கூடத்துல அப்பா பேருன்னு இருக்குல்ல, அந்த எடத்துல என் பேர எடுத்துட்டு அது தாத்தா பேரப் போட முடியுமா?"

"கேட்டுச் சொல்றேண்டா."

"வெரசாக் கேளுங்கண்ணே. ஜூன்ல பள்ளிக்கூடம் தொறந்துரும்."

மேடத்துகிட்ட அன்னைக்கே கேட்டேன். அப்படியெல்லாம் மாத்த முடியாதுண்ணேன்னாங்க. மதுர ஜெயிலு வாசல் வரைக்கும் மூணு தடவ போயிட்டேன். மாத்த முடியாதுங்கிறத அவன்கிட்ட இன்னும் சொல்லல.