மீரா சாகிபும் மரங்கொத்திகளும்

"மோவாயைக் கொஞ்சம் தூக்குங்க… ஆங், அப்படியே. அசையாதீங்கலா!"

துறைமுகத்தை ஒட்டிய சூலியா தெருக் கடையில் மாப்பிள்ளைகளை இப்படித்தான் மிரட்டிக்கொண்டிருப்பார் மீரா சாகிப். படம் பிடிப்பது அவர் தொழில். கப்பலேறப்போகும் வியாபாரியானாலும் சரி, கழுத்து நிறைய நகை போட்ட மணப்பெண்ணானாலும் சரி, அவர் சொல்லிவிட்டால் இமைகூட ஆடக் கூடாது. ஒல்லி உடம்பு, தகடு கழுவும் மருந்து பட்டுக் கறுத்துப்போன விரல் நுனிகள்.

இந்த அதிகாரமெல்லாம் ஊருக்கு வெளியே ஆயர் ஈத்தாமில் உள்ள வீட்டில் செல்லாது. வீட்டை ஒட்டி, இடி விழுந்து தலை போன தென்னை ஒன்று நின்றது. அதில் பொந்து குடைந்து ஒரு ஜோடி மரங்கொத்தி குடியேறியிருந்தது. பொன்னைப் பூசினாற்போல் முதுகு. ஆணுக்குச் சிவப்புக் கொண்டை, பெண்ணுக்குக் கறுப்பு. இரண்டையும் ஒரே தகட்டில் பிடித்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஒன்று வந்தால் மற்றது பறந்துவிடும். வந்த ஒன்றும் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும். தகடு தகடாகப் பாழாயிற்று.

"மச்சான், அதுங்ககிட்டயும் அசையாதீங்கன்னு சொல்லிப் பாருங்களேன்" என்று மனைவி நூர்ஜான் சிரிப்பாள்.

ஆனால் அந்தப் பட்ட மரம் பக்கத்து வீட்டு வடிவம்மாளின் மாட்டுக் கொட்டகைப் பக்கம் சாய்ந்திருந்தது. பால் விற்றுத்தான் அவள் பிழைப்பு. பசுவோ நிறைமாதச் சினை. மரம் வெட்டுகிற காசிமை ஒருநாள் கோடரியோடு கூட்டிவந்துவிட்டாள். சாகிப் குறுக்கே போய் நின்றார்.

"உள்ள குஞ்சு இருக்குக்கா. பறக்குற வரைக்கும் பொறுங்க."

"உங்க குருவிக்கு வீடு வேணும்னா என் மாடு சாகணுமா பாய்?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. சாகிப் தலையைச் சொறிந்தார். பிறகு, "மாட்டை நம்ம வீட்டு முன்கொட்டகையில கட்டிக்குங்கலா" என்றார். நூர்ஜான் முறைத்தாள்; ஆனாலும் சாணம் அள்ளக் கூடை எடுத்து வைத்தாள்.

அந்த வாரமே ஒரு பிற்பகல் பேய்க்காற்று அடித்தது. சாகிப் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, மழையில் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார். தென்னை விழுந்து கிடந்தது. வடிவம்மாளின் கொட்டகை, முளைக்குச்சியோடு அதன் அடியில் நசுங்கியிருந்தது. முன்கொட்டகையில் பசு அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதன் வயிற்றில் கன்னத்தை வைத்து நின்ற வடிவம்மாள், "இங்கதான் நிக்குது பாய். ஒண்ணும் ஆகலை" என்று சொல்லி அழுதாள்.

சாகிப் பசுவின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். உடனே குஞ்சுகளின் நினைவு வந்தது. சேற்றில் முட்டி போட்டு மரத்தில் காதை வைத்தார். மழைச் சத்தம்தான் கேட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் அழுத்தி வைத்தார். உள்ளே கிறீச்சென்று ஒரு குரல்.

"உசிரு இருக்குக்கா! உசிரு இருக்கு!"

மழை விட்டதும் கூப்பிட்டனுப்ப, காசிம் வந்து பொந்துள்ள துண்டை மட்டும் அறுத்தெடுத்துப் பக்கத்துப் பலாமரத்தில் நிமிர்த்தி வைத்துப் பிடித்துக்கொண்டார். இறுக்கிக் கட்டக் கயிறு கொடுத்தவள் வடிவம்மாள்.

மறுநாள் சாகிப் கடை திறக்கவில்லை. முன்கொட்டகையில் பசுவுக்குப் பக்கத்திலேயே கேமராவை நிறுத்திக் காத்திருந்தார். வெயில் ஏறியது. பறவைகளைக் காணோம். குஞ்சுகளின் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. மனிதக் கை பட்டதால் தாய் வெறுத்துவிட்டதோ என்று பலாமரத்தையே பார்த்தார். "படம் கிடக்கட்டும். ஒண்ணாவது வந்தாப் போதும்" என்று முணுமுணுத்தார்.

தோப்புக்குள்ளிருந்து கடகடவென்று சிரிப்பது போல ஒரு பறவைக் குரல் வந்தது. பெண் பறவை பலாமரத்தில் இறங்கி, சுற்றிச் சுற்றி ஏறி, பொந்துக்குள் தலையை நுழைத்தது. அது தலையை வெளியே எடுப்பதற்குள் ஆணும் வந்து கீழே ஒட்டிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்துப் பசு தலையைத் திருப்பியது. கழுத்து மணி கிணுங்கியது. பறவைகள் இரண்டும் தலையைத் தூக்கி, அசையாமல் விறைத்து நின்றன.

சாகிப் இடக்கையை நீட்டி அந்த மணியை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு, வலக்கையிலிருந்த, படம் பிடிக்கும் ரப்பர் பந்தை மெல்ல அழுத்தினார்.