அரக்கியின் சொந்தப் பல்

என் மருமகனுக்குத் தொழில் பல் செய்வது. டாக்டர்கள் வாயை அளவெடுத்து அச்சு அனுப்புவார்கள். இவர் லேபில் குனிந்து உட்கார்ந்து அந்த வாய்க்குப் பொருந்துகிற பல்லைச் செய்து, பக்கத்துப் பல்லுக்கு ஒத்துப்போகிற மாதிரி சாயம் ஏற்றி அனுப்புவார். ஆளின் முகத்தைப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் கடைத்தெருவில் யாராவது வாய்விட்டுச் சிரித்தால் போதும், "அத்தை, அந்த மேல்வரிசை நம்மளுது" என்று என் காதில் கிசுகிசுப்பார்.

என் வாயில் இருப்பதும் அவர் கைவேலைதான். ஒன்றே ஒன்று மட்டும் என் சொந்தப் பல். மேலே, முன்னால், கொஞ்சம் நீளமாக, கொஞ்சம் மஞ்சளாக நிற்கும். அதையும் எடுத்துவிட்டால் வரிசை அழகாக அமையும் என்று அவரும் டாக்டரும் சேர்ந்து எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். நான் அசையவில்லை. பல்லும் அசையவில்லை.

லேபில் பிரஷ் பிடித்த கை வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது. கட்டைவிரல் உயரத்துக்குப் பொம்மைகள் வாங்கிவந்து வர்ணம் தீட்டுவார். குதிரைவீரன், வில்லாளி, மந்திரவாதி, பூதம் என்று அலமாரி முழுக்க ஜனங்கள். கண்ணுக்குக் கருவிழி வைக்கிற நேரம் மூச்சை அடக்கிக்கொள்வார். அப்போது பக்கத்தில் யாராவது தும்மினால் அந்த வீரனுக்கு ஆயுசுக்கும் மாறுகண். கீழ்த்தட்டில் நிற்கிற மாறுகண் படையில் பாதிப் பேர் என் தும்மலுக்குப் பிறந்தவர்கள்.

அந்தக் கூட்டத்தில் ஓர் அரக்கி இருக்கிறாள். தோளில் தடி, இடுப்பில் கை, வாயைப் பிளந்து யாரையோ வசைபாடுகிறாள். அவர் தீட்டியதிலேயே அதுதான் முதல் தரம். அதற்கு என் முகத்தை வைத்துவிட்டார். வேண்டுமென்றே வைத்தாரா, தினமும் சாப்பாட்டு மேஜையில் என்னைப் பார்த்துப் பார்த்துக் கை தானாகப் போயிற்றா, தெரியாது. கன்னத்து மரு, சரிந்த இமை, ஏறின புருவம், எல்லாம் நான்தான். எல்லாவற்றுக்கும் மேலே, அரிசி முனை அளவு வாய்க்குள் ஒரு வெள்ளை வரிசை, அதில் ஒரே ஒரு மஞ்சள் பல்.

வெறும் கண்ணுக்கு இது எதுவும் தெரியாது. அவர் லேபுக்குப் போயிருந்த ஒரு மதியம், தூசி தட்டுகிற சாக்கில் அவருடைய பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தேன். பார்த்துவிட்டு மூச்சு விடவில்லை. எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. அந்தச் சுகத்தை அவ்வளவு சீக்கிரம் தொலைக்க எனக்கு மனசு வரவில்லை.

இந்தப் பொம்மைக்காரர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. வருஷா வருஷம் எங்கள் தெருக்கோடி நூலகத்து மாடியில் கண்காட்சி வைப்பார்கள். முதலில் படம் அனுப்ப வேண்டும். படம் தேறினால்தான் பொம்மைக்கு இடம். முதலாவதாக வந்த படத்தை ஆள் உயரத்துக்கு அச்சடித்து வாசலில் நிறுத்துவார்கள். என் மருமகன் ஆசைப்பட்டது அந்த வாசலுக்கு. பயந்ததும் அதே வாசலுக்குத்தான். நான் தினமும் நடக்கப் போகிற வழி அல்லவா அது?

மனிதர் பாடு திண்டாட்டம். அரக்கியை அனுப்பாமலும் இருக்க முடியவில்லை, தெளிவாகப் படம் எடுக்கவும் துணிச்சல் இல்லை. கலங்கலாக ஒன்றை எடுத்து அனுப்புவார். தெளிவில்லை என்று திரும்பி வரும். பிறகு ஒரு வாரம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிவார். போன் சரியில்லை என்று அவர் சொன்னதை நம்பி, என் மகள் இந்த வருஷம் புதுப் போனே வாங்கிக் கொடுத்துவிட்டாள். இருந்த ஒரே சாக்கும் போயிற்று.

படம் அனுப்பக் கடைசி நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே நாற்காலியை இழுத்து அவர் மேஜைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். எதற்கு அத்தை சிரமம் என்றார். சிரமமே இல்லை, நீங்கள் எடுங்கள் என்றேன்.

முதலில் ஃப்ளாஷ் போட்டு எடுத்தார். அரக்கி முகத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஒரே வெள்ளை. படம் எடுக்கக் கற்றுக்கொடுக்கிற வீடியோ ஒன்றைச் சாப்பிடும்போதெல்லாம் அலறவிடுவார், எனக்கு அது மனப்பாடம். ஃப்ளாஷ் ஆகவே ஆகாதென்று அந்த ஆள் தலைபாடாய் அடித்துக்கொள்கிறானே என்று ஞாபகப்படுத்தினேன். இரண்டு பக்கமும் மேஜை விளக்கு வைக்கச் சொல்லி, முன்னால் பட்டர் பேப்பர் கட்டவைத்தேன். வெளிச்சம் பால் மாதிரி பரவி, மூக்குக்குக் கீழே விழுந்த நிழல் போயிற்று.

பின்னால் பூப்போட்ட போர்வையைத் தொங்கவிட்டிருந்தார். பார்க்கிற கண் பூவுக்குத்தான் போகும் என்று அதை உருவிவிட்டு, அவருடைய சாம்பல் நிற பேன்ட்டைக் கொண்டுவந்து மாட்டினேன். நாளைக்கு லேபுக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டும் என்று முனகினார். காதில் வாங்கவில்லை.

அடுத்து, கை நடுங்குகிறதாம். பல்லில் மயிரிழை அளவுக்குக் கோடு தீட்டுகிற கை! பருப்பு டப்பாவில் போனைச் சாய்த்து, டைமர் வைக்கச் சொன்னேன். அப்படியும் போனை அரக்கியின் மூக்குக்கு முட்டக் கொண்டுபோய் வைத்தார். தடி மட்டும் பளிச்சென்று விழுந்தது, முகம் கலங்கல்.

"தள்ளி வச்சுட்டு, அப்புறம் பெருசாக்குங்க. போன்ல தெரியற முகத்து மேல விரலை வைங்க மாப்பிள்ளை. தடியை யாரு கேட்டா?"

வைத்தார். வியர்த்துக்கொண்டே வைத்தார். பிறகு ஒரு நிமிஷம் என்று எழுந்துபோய், சமையலறை மஞ்சள் பல்பைக் கழற்றிவந்து விளக்கில் மாட்டினார். படத்துக்கு ஒரு இதம் வேண்டுமாம்.

எடுத்த படத்தை என்னிடம் நீட்டினார். முகம் அவ்வளவு தெளிவு. ஆனால் பல் எல்லாம் ஒரே நிறம், வெண்ணெயில் முக்கி எடுத்த மாதிரி. அதுவரை விளையாட்டாக இருந்த எனக்கு அங்கேதான் சுருக்கென்றது. அரக்கியாக்கினதைப் பொறுத்துக்கொண்டேன். டாக்டரிடமே கொடுக்காத பல்லை இவர் ஒரு பல்பை மாட்டி மறைப்பதா?

"மஞ்சள் வெளிச்சத்துல பல்லு கலர் பாக்கக் கூடாதுன்னு இந்த வீட்டுல யாரு சொல்லுவா?"

"நான்தான் அத்தை சொல்லுவேன்."

"அப்புறம்? அந்த ஒரு பல்லு தனியா தெரிய வேணாமா?"

அவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எப்ப பாத்தீங்க?"

"தூசி தட்டறப்ப."

"எந்த வருஷத்துத் தூசி?"

"முந்தின வருஷத்துது."

என் மகள் வந்து போனைப் பிடுங்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அம்மா, கொஞ்சம் வாயைத் திற" என்றாள். திறந்தேன். அவள் தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தவள்தான், கண்ணில் தண்ணீர் வரும்வரை எழுந்திருக்கவில்லை.

அவர் மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்தார். கோபமா என்று கேட்டார். புருவத்தை இவ்வளவு ஏற்றியிருக்க வேண்டாம் என்றேன். பயம் தெளிந்த மனிதர் என் முகத்தையும் பொம்மையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இல்லத்தை, அது அளவாத்தான் இருக்கு" என்றார்.

வெள்ளை பல்பு திரும்ப ஏறியது. இந்த முறை அவரே போனைச் சரித்து, அவரே மூச்சை அடக்கி எடுத்தார். நான் தும்மலைக்கூட விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அரக்கி முதலாவதாக வந்தாள். கண்காட்சி அன்று வாசலில் என்னைவிட ஒரு முழம் உயரமாக நின்றாள். பார்க்க வந்த ஒரு பெரிய மனுஷர் படத்தை விட்டு நகரவே இல்லை. மற்றதெல்லாம் கைத்திறமை, அந்த ஒற்றை மஞ்சள் பல்லை மட்டும் எங்கிருந்து சார் பிடித்தீர்கள் என்று என் மருமகனைக் கேட்டார். மருமகன் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். நான் எப்போதும்போல இடுப்பில் கைவைத்து அந்தப் பெரிய மனுஷரைப் பார்த்துச் சிரித்தேன். அவர் பின்னால் ஒரு அடி வைத்தார்.

கடைத்தெருவில் கிசுகிசுக்கிற என் மருமகன் அன்றைக்குக் குரலைத் தாழ்த்தவே இல்லை.

"வரிசை என் வேலைங்க. அந்த ஒண்ணு மட்டும் எங்க அத்தையோடது."