சாம்பல் குதிரைக்காரர்

"உங்களுக்கு எண்பதா? அப்போ பஞ்சத்துல பதினெட்டு. சாம்பல் குதிரையில ஒரு பெரியவர் போவாரே, பாத்திருக்கீங்களா?" ரயிலடியில் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருக்கும் எந்தக் கிழவரையும் ஜுமாதில் இப்படித்தான் பிடித்துக்கொள்வார்.

டிராக்டர் ஓட்டி ஓய்ந்தவர், என் அண்டை வீட்டுக்காரர். தாத்தாவைத் தேடுவதே இப்போது அவருக்கு வேலை. ஜார் ஆட்கள் இளவட்டங்களைப் போர்முனை வேலைக்குப் பிடித்துப்போன ஆண்டில் தாத்தா மகன்களை மலையில் ஒளித்துவைத்தார். பிறகு வந்த ஆட்சி மந்தையைப் பறித்தபோது ஒரு குதிரை மிஞ்சியது. பஞ்சத்தில் அதையும் அறுத்துத் தின்றார்கள். அப்படியும் தாத்தாவும் அப்பாவும் தப்பவில்லை. எல்லாம் ஜுமாதிலுக்கு விரல்நுனியில் இருக்கிறது, தாத்தாவின் பெயரைத் தவிர.

ஏழு தலைமுறைப் பாட்டன் பெயர் தெரியாதவன் அநாதை என்பது எங்கள் கசாக் வழக்கு. கல்யாண விருந்தில் இறைச்சித் தட்டை நீட்டிக்கொண்டே கேட்பார்கள்: "என்னப்பா, உன் பாட்டன் பேரைக் குதிரை தின்னுடுச்சா?" அவரும் சேர்ந்து சிரிப்பார். எனக்குத்தான் சிரிப்பு வராது.

பெயர் தெரிந்த ஒரே உயிர் அவருடைய அம்மா கத்திஷா. எங்கள் பெண்கள் மாமனார் பெயரை வாயால் சொல்வதில்லை. பஞ்சம் ஓய்ந்ததும் கணக்கெடுக்க வந்த எழுத்தரிடமும் "சாம்பல் குதிரைக்காரர்" என்றே சொல்லியிருக்கிறாள். அந்தப் புத்திசாலி அதையே பெயராக எழுதிக்கொண்டு போய்விட்டான்.

இந்த வசந்தத்தில் பஞ்சத்தில் செத்தவர்களுக்கு ஊர் கல் நடுகிறது. பெயர் கேட்டுக் கல்தச்சன் வந்துவிட்டான். ஜுமாதில் தாயின் காலைப் பிடித்தார். கிழவியின் பிடிவாதத்தைப் பார்த்து நானும் பொறுமை இழந்தேன்.

"என் காதுலயாவது சொல்லுங்க பெரியம்மா. நீங்க போயிட்டா அவரும் போயிடுவாரு."

கிழவி என்னைப் பார்க்கவில்லை, மகனிடம்தான் பேசினாள்.

"கடைசிப் பிடி கோதுமைய என் மடியில போட்டாரு. மருமக கூச்சப்படாமத் திங்கட்டும்னு முதுகக் காட்டி உக்காந்தாரு. நான் மென்னு உனக்கு ஊட்டினேன். அவர் திரும்பவே இல்லடா. உக்காந்தபடியே போயிட்டாரு. அவர் பேரப் போயி என் வாயால சொல்லச் சொல்றியா?"

அதற்குமேல் ஜுமாதில் கேட்கவில்லை.

மறுநாள் கல்லருகே தச்சன் உளியோடு காத்திருந்தான். "பேர் என்னண்ணே?"

ஜுமாதில் ஏற்கெனவே செதுக்கியிருந்த அப்பாவின் பெயருக்கு மேலே வெறுங்கல்லில் உள்ளங்கையை விரித்து வைத்தார். "இவ்வளவு இடம் விட்டுடு தம்பி," என்றார். வெகுநேரம் கையை எடுக்கவே இல்லை.