டாக்டர் சீட்டும் எட்டு மணி பஸ்ஸும்

எனக்கு மெடிக்கல் காலேஜில் சீட்டு கிடைத்ததையும் நான் போகாததையும் எங்கள் ஊரில் இன்னமும் தப்பாகத்தான் சொல்கிறார்கள். "அப்பன் படிக்க உடல, பாவம்" என்பார்கள், என் முகத்துக்கு நேரேயே. கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் இத்தனை வருஷம் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தவளும் நான்தானே, அப்புறம் கோபம் என்ன வேண்டியிருக்கிறது?

ஐம்பதுகளில் நடந்தது. ஓசூரில் அப்போது இத்தனை கம்பெனியும் கிடையாது, கெலவரப்பள்ளியில் அணையும் கிடையாது. எங்கள் ஊர் ரோட்டில் காலை எட்டு மணிக்கு ஓசூருக்கு ஒரு பஸ், சாயங்காலம் ஒன்று. நடுவில் அவசரமென்றால் மாட்டு வண்டிதான். அப்பாவுக்குக் கேழ்வரகும் கொள்ளும் விளைகிற கொஞ்சம் மேட்டு நிலம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு பெண்ணை சேலத்தில் ஹாஸ்டலில் விட்டு இன்டர்மீடியட் படிக்க வைத்த மனுஷன் அவர். மெட்ராஸிலிருந்து கடிதம் வந்ததும் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பஸ் கண்டக்டர் வரைக்கும் எல்லோரிடமும் எடுத்துக் காட்டினார். பதினைந்து நாளுக்குள் பதில் போட வேண்டும். நல்ல நாள் பார்த்து எழுதலாம் என்றார்.

கடிதம் வந்த பத்தே நாளில் ஊருக்கே நான் டாக்டரம்மா ஆகிவிட்டேன். ஒருத்தி நாக்கை நீட்டுவாள், இன்னொருத்தி குழந்தையின் வயிற்றைத் தட்டிக் காட்டுவாள். நான் இன்னும் காலேஜ் வாசலையே மிதிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. "வெந்நி குடு, சரியாப் பூடும்" என்பேன். அதுவும் சரியாகித் தொலைந்தது.

ஒரு நாள் காலை, ஊருக்குத் திரும்புகிற சொந்தக்காரரை ஏற்றிவிட, பஸ் நிற்கும் புளியமரத்தடியில் அப்பாவோடு நின்றிருந்தேன். எங்கள் நிலத்தில் ஏர் ஓட்டுகிறவரை அவர் மனைவி கைத்தாங்கலாகக் கூட்டி வந்தாள். என்னைவிட இருபது வயசு மூத்தவரை நான் அப்போதெல்லாம் 'நீ' என்றுதான் கூப்பிடுவேன். அந்தக் காலத்து லட்சணம் அது. மாட்டுக்கொட்டகையில் தரையில் படுத்திருந்தாராம். விடிகிற நேரத்தில் கணுக்காலில் சுருக்கென்று ஏதோ கடித்ததாம். எலியோ, பூச்சியோ, பாம்போ, பார்க்கவில்லை.

பஸ் வந்து நின்றது. "நீயே பாத்துச் சொல்லு டாக்டரம்மா, ஏத்தட்டா, வேணாமா?" என்றாள் அவர் மனைவி.

குனிந்து பார்த்தேன். ஊசி குத்தின மாதிரி இரண்டு புள்ளி. வீக்கம் இல்லை, வலியும் இல்லை என்றார். விஷக்கடி என்றால் வீங்கும் என்று எங்கோ படித்திருந்தேன்.

"எதுக்கும் ஒரு நடை போயிட்டு வரட்டுமேம்மா" என்றார் அப்பா.

"வீங்கவே இல்லப்பா. ஒண்ணும் ஆகாது. ஊட்ல போய்ப் படுக்கச் சொல்லுங்க" என்றேன். அடடா, என்ன ஒரு தோரணை! "டாக்டரம்மாவே சொல்லியாச்சு, ரைட்!" என்று கண்டக்டர் விசிலடித்தார். பஸ் போய்விட்டது.

அரை மணி நேரம் கூட ஆகியிருக்காது, அவள் ஓடி வந்தாள். தூங்குகிறார் என்று விட்டாளாம், எழுப்பினால் கண்ணைத் திறக்க முடியவில்லையாம். போய்ப் பார்த்தேன். அது தூக்கமே இல்லை. நாம் பேசுவதெல்லாம் அவருக்குக் கேட்கிறது, இமையைத்தான் தூக்க முடியவில்லை. வாயோரம் எச்சில் ஒழுகியது. கடித்தது கட்டுவிரியன், அது கடித்தால் வீங்காது என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது.

அப்பா வண்டி கட்டினார். ஓட்டமும் பெருநடையுமாக மாடுகள் போயின. வழியெல்லாம் ஏர்க்காரர் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு தடவை இறங்கினது மறுபடி ஏற நேரமானால் என் மூச்சும் நின்றுவிடும். வீட்டில் தெலுங்கு பேசுகிறவள் அவர் மனைவி. பயத்தில் தமிழே வரவில்லை. "ஏமீ காதுகதா? ஏமீ காதுகதா?" என்று என்னையே கேட்டுக்கொண்டு வந்தாள். ஒன்றும் ஆகாதில்லையா என்று.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இமையை விலக்கிப் பார்த்தார். கடித்த நேரத்தைக் கேட்டார். அவர் முகம் மாறியது.

"எட்டு மணி பஸ்ஸுல ஏன் வரல? யாரு வேணாம்னது?"

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல், கட்டிலில் கிடந்தவரின் வேட்டியைச் சரிசெய்தேன்.

"நான்தாங்க வேணாம்னேன்" என்றார் அப்பா.

"ஏன்யா, நீ என்ன பெரிய டாக்டரா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவர் சட்டைப் பையில் அந்தக் கடிதத்தின் முனை வெளியே தெரிந்துகொண்டிருந்தது.

ஊசி போட்டார்கள். இரண்டு நாள் ஒன்றும் சொல்ல முடியாது என்றார்கள். அந்த இரண்டு நாளும் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தேன். யாராவது கதவைத் திறந்தால் எழுந்து நிற்பேன். மூன்றாம் நாள் காலை அவர் கண்ணைத் திறந்தார். அவர் மனைவி ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நீ சொன்ன மாதிரியே ஒண்ணும் ஆவல டாக்டரம்மா!"

அவள் திட்டியிருந்தால் ஒருவேளை நான் மெட்ராஸுக்குப் போயிருப்பேன். அவள் என்னை நம்பினாள். நாளைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டும் என்னிடம்தான் வருவாள்.

வீட்டுக்கு வந்ததும் சீட்டு வேண்டாமென்று எழுதி அப்பாவிடம் கொடுத்தேன். படித்தார்.

"பயமா இருக்காம்மா?"

"ஆமாப்பா."

"படிச்சா பயம் போயிடும்."

"போயிடுமேன்னுதாம்ப்பா பயமா இருக்கு."

எழுதினதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் அவரே எட்டு மணி பஸ்ஸில் ஓசூருக்குப் போய்த் தபாலில் சேர்த்துவிட்டு வந்தார்.

ஒரு வாரத்தில் ஊருக்குத் தெரிந்துபோயிற்று. ஆட்கள் வீட்டு வாசலுக்கு வந்து, ஏன், என்னாச்சு என்று கேட்டார்கள். நான் உள்ளே கேழ்வரகு மாவு சலித்துக்கொண்டிருந்தேன். "நான்தான் வேணாம்னேன். பொம்பளப் புள்ள, அத்தனை தூரம் எதுக்கு?" என்று அப்பா சொன்னது தெளிவாகக் காதில் விழுந்தது. எழுந்து போய் இல்லை என்று சொல்ல எத்தனை நேரமாகியிருக்கும்? சலித்த மாவையே திரும்பச் சலித்துக்கொண்டிருந்தேன்.

பல வருஷம் கழித்து அப்பா காலமாகி, அவரைத் தூக்குகிற அன்று, வாசலில் ஒருத்தர் சொன்னார். "தங்கமான மனுசன். பொண்ணப் படிக்க உடாததுதான் ஒரு கொறை." பக்கத்தில் இருந்தவர்கள் ஆமாமென்று தலையாட்டினார்கள். நான் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கும் வாயைத் திறக்கவில்லை.